ஆம்னிக்குள் கழற்றி மாட்டும் பலகைத் தரை போட்ட அனுபவம்

எனக்கு போர்வெல் மோட்டார் வேலை. வாரத்தில் ஆறு நாள் என் மாருதி ஆம்னி வேனில் செயின் பிளாக் (கனமானதைத் தூக்கும் சங்கிலிக் கப்பி), பைப் ரிஞ்ச், கிளாம்ப், கேபிள் சுருள் எல்லாம் போகும். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் அம்மாவும் பிள்ளைகளும் கோயிலுக்குப் போவார்கள். நிரந்தரமாக எதையும் அடித்து வைக்க முடியாது.

இரண்டு வருடம் முன்னால் பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும்போது ஒரு ஆடு குறுக்கே வந்துவிட்டது. வேகம் அறுபது இருக்கும். பிரேக் அடித்தேன். வண்டி நின்றுவிட்டது, உள்ளே இருந்த சாமான் நிற்கவில்லை. சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒரு டன் செயின் பிளாக், பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், இரும்புத் தரையில் வழுக்கிக்கொண்டே வந்து, பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்த ஹெல்பர் தம்பியின் கெண்டைக்காலில் இடித்தது. “ஒண்ணும் இல்லீங்கண்ணா” என்றான். பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தால் செருப்பு வரைக்கும் ரத்தம். நான்கு தையல். சாமானோடு அவனைப் பின்னால் உட்கார வைத்தது என் தப்பு. அன்றிலிருந்து அவன் முன்சீட்டில்தான் வருகிறான்.

அடுத்த வாரமே 18 மி.மீ. பிளைவுட் வாங்கினேன். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள தண்ணீர் தாங்கும் ரகம். போர்வெல்லிலிருந்து ஏற்றிய பைப்பும் கேபிளும் ஈரத்தோடுதான் வண்டிக்குள் வரும், சாதாரணப் பலகை ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. எட்டுக்கு நான்கு முழு ஷீட் கிட்டத்தட்ட 35 கிலோ. தரைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்து, அதையும் இரண்டு துண்டாக அறுத்தேன். ஒரே பலகையாக இருந்தால் ஒரு ஆளால் தூக்க முடியாது. தூக்க முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யார் கழற்றுவார்கள்? இப்போது ஒவ்வொன்றும் 11 கிலோதான். சக்கரத்துக்கு மேல் தரை புடைத்து நிற்கும் வீல் ஆர்ச் வளைவுக்கு முதலில் ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பலகையில் கோடு போட்டேன். அறுத்த ஓரங்களுக்கு மூன்று கோட் வார்னிஷ் கொடுத்தேன், தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான்.

வண்டித் தரையில் ஒரு ஓட்டை கூடப் போடவில்லை. கீழே பெட்ரோல் டாங்க், பிரேக் பைப் எல்லாம் ஓடுகிறது, போட்ட ஓட்டை நாளைக்குத் துருவாகவும் மாறும். பின்சீட்டைக் கழற்றினால் அதன் போல்ட் ஓட்டைகள் சும்மாதானே இருக்கின்றன? லேத் பட்டறையில் 5 மி.மீ. இரும்புப் பட்டையை வளைத்து வாங்கி, சீட்டின் அதே போல்ட்டுகளால் பலகையை அங்கே இறுக்கினேன். பலகை தன் கனத்தாலேயே நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். சாமானைப் பலகையோடு கட்டிவிட்டு, பலகையை வண்டியோடு கட்டாமல் விட்டால், பிரேக் அடிக்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரே மூட்டையாக முன்னால் வரும். சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய விதியில், முன்பக்கம் பொருளின் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டில் 50 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும் என்று இருக்கிறது. பலகையும் சாமானுமாக எனக்கு 150 கிலோ வருகிறது. அப்படியென்றால் முன்பக்கம் 120 கிலோ இழுவை.

கொக்கி விஷயத்தில் முதலில் ஏமாந்தேன். மர ஸ்குரூ போட்டு வளையம் மாட்டியிருந்தேன். பெல்ட்டை இறுக்கியதும் ஒன்று மரத்தூளோடு கையில் வந்துவிட்டது. அப்புறம் பலகையின் அடிப்பக்கத்திலிருந்து டி-நட் (மரத்தில் பதியும் பல் வைத்த நட்) அடித்து, மேலிருந்து ஐ-போல்ட்டை (தலையில் வளையம் உள்ள போல்ட்) முறுக்கினேன். இழுக்க இழுக்க டி-நட்டின் பல் மரத்துக்குள் இன்னும் பதியும். டி-நட்டை மேலிருந்து அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும், இதைக் கவனியுங்கள். கட்டுவதற்கு ராட்செட் பெல்ட், கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் வகை. செயின் பிளாக்தான் அதிகக் கனம், அது முன்சீட்டின் முதுகை ஒட்டித் தரையோடு தரையாக, இரண்டு பெல்ட்டில். ரப்பர் கயிறு டீ கேனுக்குப் போதும், இரும்புக்கு வேண்டாம்.

கழற்றிச் சீட்டை மாட்ட இப்போது கால் மணி நேரம் ஆகிறது. உடுமலையில் மைக் செட் வைத்திருக்கும் நண்பர் பலகைக்கு அடியில் ரப்பர் மேட்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டார். ஒரு வருடம் கழித்துப் பிய்த்துப் பார்த்தால், அடியில் ஈரம் தங்கி வண்டித் தரைத் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகக் கிடந்தது. என் வண்டியில் மேட் சும்மா விரித்ததுதான். போன ஞாயிறு தூக்கியபோதும் மூலையில் ஈர மணல் கொஞ்சம் இருந்தது, துடைத்துக் காயவிட்டு, பெயின்ட் உரிந்த இடத்தில் துருத் தடுப்புக்கு ரெட் ஆக்ஸைடு பெயின்ட் தொட்டு வைத்தேன்.