மூன்று நாடுகளில் மெரிடா: ஒரே பெயர் இத்தனை ஊர்களுக்கு வந்தது எப்படி?

வரைபடப்பிரியன் (கேள்வி)

ரோமானிய அரங்கம் ஒன்றைப் பற்றிப் படிப்பதற்காக மெரிடா என்று தேடினேன். ஸ்பெயினில் உள்ள ஊரோடு, மெக்சிகோவின் யுகடான் மாநிலத் தலைநகரும் வெனிசுவேலாவின் ஆண்டிஸ் மலை நகரமும் அதே பெயரில் வந்து நின்றன. கார்த்தஹேனா, மெடெயின், குவாடலஹாரா ஆகியவையும் இப்படித்தான் இருக்கின்றன. கடல் கடந்து சென்றவர்கள் சொந்த ஊரின் நினைவாகப் பெயர் சூட்டினார்கள் என்பது மட்டுமே காரணமா? ஸ்பானிய மொழி பேசுவோர் இவற்றை எவ்வாறு வேறுபடுத்துகிறார்கள்?

பழஞ்சுவடி

ஊர் நினைவு என்னும் விளக்கம் வெனிசுவேலாவின் மெரிடாவுக்குச் சரியாகப் பொருந்தும். 1558இல் அதை நிறுவிய ஹுவான் ரோட்ரிகெஸ் சுவாரெஸ் ஸ்பெயினின் மெரிடாவைச் சேர்ந்தவர். (மேலிட அனுமதியின்றி நகரை நிறுவியதற்காக அவர்மீது வழக்கு நடந்தது தனிக்கதை.) மெக்சிகோவின் கதை வேறு. 1542இல் பிரான்சிஸ்கோ தே மொன்தேஹோ நகரை நிறுவிய இடத்தில் தோ என்னும் மாயா நகரின் கற்கட்டடங்கள் நின்றிருந்தன. கி.மு. 25இல் பேரரசர் அகஸ்டஸ் தம் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக அமைத்த எமெரிட்டா அகஸ்டாவே ஸ்பெயினின் மெரிடா. அதன் இடிபாடுகளை இந்தக் கற்கள் நினைவூட்டியதால் அப்பெயர் இடப்பட்டது என்பர். நினைவூட்டிய கற்களையே பெயர்த்தெடுத்துத் தேவாலயம் கட்டிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மலைநாடன்

மெடெயினில் ஊர்ப்பாசத்தைவிடப் பதவியே பேசியது. ஸ்பெயினின் மெடெயின், எர்னான் கோர்த்தேஸ் பிறந்த சிற்றூர். ஆகவே அவர் பொருட்டே கொலம்பிய நகரம் பெயர் பெற்றது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், 1675இல் நகரம் நிறுவப்பட்டபோது, அமெரிக்கக் குடியேற்றங்களை நிர்வகித்த இந்தியாஸ் மன்றத்தின் தலைவராக இருந்தவர் மெடெயின் கோமகன். அவரைச் சிறப்பிக்கவே அப்பெயர். இன்று பெயர் கொடுத்த ஊரில் சில ஆயிரம் பேரும், பெற்ற ஊரில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரும் வாழ்கிறார்கள்.

சொல்லாய்வி

இவற்றை ஸ்பானியப் பெயர்கள் என்பதிலேயே எனக்குத் தயக்கம் உண்டு. குவாடலஹாரா, கற்கள் நிறைந்த பள்ளத்தாக்கு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கார்த்தஹேனாவின் மூலம், புதுநகரம் என்று பொருள்படும் பியூனிக் மொழிப் பெயர். ஆப்பிரிக்கக் கார்த்தேஜின் பெயரும் அதுவே. இரண்டையும் பிரித்துக் காட்ட ரோமானியர்கள் ஸ்பெயினின் ஊருக்குப் ‘புதிய’ என்ற அடைமொழியைச் சேர்த்தபோது, கேட்டுக் கதவு என்பதுபோல அது புதிய புதுநகரம் ஆயிற்று. 1533இல் பெத்ரோ தே எரெதியா நிறுவிய கொலம்பிய நகரம் ‘கார்த்தஹேனா தே இந்தியாஸ்’ எனப் பின்னொட்டுடன் வழங்குகிறது. சாந்தியாகோ தே கூபா, சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா ஆகியவையும் இவ்வகையே.

மெரிடாவுக்கு இவ்வசதி இல்லாவிட்டாலும், ஊராரைக் குறிக்கும் சொற்கள் வேறு வேறு. ஸ்பெயினின் மெரிடாக்காரர் எமெரிதென்சே, யுகடானில் உள்ளவர் மெரிதானோ, வெனிசுவேலாவில் உள்ளவர் மெரிதேன்யோ.

வரைபடப்பிரியன்

மிக்க நன்றி. இதற்கிடையே பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவிலும் ஒரு மெரிடாவைக் கண்டுபிடித்துவிட்டேன். அவ்வூராரை எப்படி அழைப்பார்கள் என்று யாரேனும் கூறினால் மகிழ்வேன்.