நாகமலைத் தடம்: சிமெண்டு மூட்டை இறக்கும் முன் ஒரு வேண்டுகோள்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஈரோடு மாவட்டத்து அறச்சலூர் நாகமலைக் குகைக்கு நடைபாதை அமைக்கலாம் என்று துபாய் மாப்பிள்ளை எழுதியதும் பணம் தர இத்தனை பேர் முன்வந்தது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பாதை வரட்டும். படிக்கட்டு, இரும்புக் கைப்பிடி, நுழைவு வளைவு என்று வளரும் பேச்சைத்தான் இப்போதே நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன்.

வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அந்தப் பாறைக்குகையில் சமணத் துறவியர் தங்கிய படுக்கைகள் இருக்கின்றன. அங்குள்ள தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டுகளை 1960-களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு கண்டறிந்தார். அதில் ஒன்று தாளச் சொற்கட்டு. 'த தை தா தை த' என்று தொடங்கும்; வரிக்கு 5 எழுத்து, மொத்தம் 5 வரி. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து வந்தாலும் கீழிருந்து போனாலும் அதே தாளம்! இந்த எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவன் பெயரும் கல்லிலேயே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிக்கல்லின் தரம் பார்க்கிற தொழில்காரன். படியூரில் கிடைத்த மணிக்கல்லும் கொடுமணல் மணிப்பட்டறைகளும் இருந்த சீமையில் அப்படி ஒருவன் இசையையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். புகளூர் ஆறுநாட்டார் மலைக்குப் போனால் அங்கேயும் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் பெயர் கல்வெட்டில் உண்டு.

1500 ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற எழுத்து அது. ஆழமாக வெட்டியதும் அல்ல. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் கோடு பிடிபடும். படம் தெளிவாக வரவேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்கிறவர்களை நினைத்தாலே வயிறு எரிகிறது. பாறையில் பெயர் கிறுக்குவது அதைவிடக் கொடுமை. ஏறுவது சுலபமானால் இந்தக் கைகளும் கூடத்தான் வரும். கைப்பிடி நட, குகைக்குப் பக்கத்தில் துளைக்கருவி வைத்தால் பாறை தாங்குமா என்பதையும் யோசியுங்கள்.

இருக்கிற தடமே போதும். இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள மண்பாதை) வழியாக, கிளுவை வேலி ஓரமாக, கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரங்களைத் தாண்டி ஆடு மேய்ப்பவர்கள் நடந்து நடந்து உண்டான வழி. முள்ளை ஒதுக்கி, அடிவாரத்தில் ஒரு தகவல் பலகையும் குடிநீரும் வைக்கலாம். பாறையில் பெயிண்டில் அம்புக்குறி கூடாது. ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேரைப் பழக்கி, சம்பளம் கொடுத்து, அவர்கள் கூட வந்தால்தான் மேலே போகலாம் என்று வைப்போம். இறங்கி வருகிறவர்களை அப்படியே ஓடாநிலைக்கு, தீரன் சின்னமலை மணிமண்டபத்துக்கும் அழைத்துப் போகலாம்.

எதைச் செய்தாலும் முதலில் தொல்லியல் துறைக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். மனுவை நான் எழுதித் தருகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். வெயில் ஏறும் முன் எல்லோருமாக ஒருமுறை நடந்து பார்ப்போம். அதுவரை யாரும் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீங்க.