நன்றிக் குறிப்பு: தினமும் எழுதணுமா, வாரம் ஒருமுறை போதுமா?

இரவுப்பறவை:
வணக்கம். தூக்கம் சரியில்லாததால் தினமும் படுக்கும் முன் நன்றிக் குறிப்பு எழுதுகிறேன், நன்றி சொல்லத் தோன்றும் 5 விஷயம் வீதம். இப்போது குடும்பம், வேலை, உடல்நலம் என்று அதே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை எழுதணும், எத்தனை நாளுக்கு ஒருமுறை? உடம்புக்கு நிஜமாகவே பலன் உண்டா? இதைச் செய்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள்.

செங்காந்தள்:
சகோ, சலிப்பு வருவது இயல்பு. நல்லதோ கெட்டதோ, மனசு சீக்கிரம் பழகிவிடும். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழு 2005-ல் வெளியிட்ட கட்டுரையில், 6 வாரம் வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அதே 2005-ல் இன்னோர் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு தினமும் இரவில் எழுத வைத்தது, ஆனால் ஒரே ஒரு வாரம்தான். அன்று நன்றாக நடந்த 3 விஷயம், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தோடு. அதன் பலன் சிலரிடம் 6 மாதம்வரை தெரிந்தது, குறிப்பாக விடாமல் தொடர்ந்தவர்களிடம்.

என் யோசனை: வாரம் ஒரு நாள், 15 நிமிடம், 3 விஷயம் போதும். எண்ணிக்கையைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். "அம்மாவுக்கு நன்றி" என்று எழுதினால் அடுத்த வாரமும் அதேதான் வரும். "செவ்வாய்க்கிழமை மழையில் நனைந்து லேட்டாக வந்தேன். முழங்கால் வலியோடு அம்மா அடுப்படியில் நின்று சூடாக நாலு தோசை சுட்டுக் கொடுத்தார்" என்று எழுதிப் பாருங்கள். யார் செய்தார், அதற்காக அவர் என்ன சிரமப்பட்டார், செய்யாமலும் இருந்திருக்கலாமே என்ற மூன்றும் அதில் இருக்கிறது. ஒன்றும் தோன்றாத வாரத்தில் தலைகீழாக யோசியுங்கள்: இந்த நண்பரைச் சந்திக்காமலே போயிருந்தால்? இந்த வேலைக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால்? சும்மா பட்டியல் போடுவதைவிட இப்படி யோசிப்பது மனநிலையை அதிகம் உயர்த்துகிறது என்று 2008-ல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது.

தூக்கத்துக்காக என்றால் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். போனில் எழுத உட்கார்ந்தால் அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் திறந்திருக்கும். தலையணையில் சாய்ந்ததும் ஓடும் எண்ணங்கள்தான் இதில் முக்கியம். நன்றியுணர்வு அதிகமுள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் கவலை எண்ணங்கள் குறைவு, அதனால் தூக்கமும் மேல் என்று 2009-ல் அலெக்ஸ் வுட் குழு கண்டது.

கடலோரம்:
உடம்பு பற்றி மட்டும் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையைத் திடீரென விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறும், இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்புவரை போகலாம்.

எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் நன்றிக் குறிப்பு எழுதியவர்கள் உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். வாரத்துக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உடற்பயிற்சியும் செய்தார்கள். ஆனால் இந்த உடற்பயிற்சி வித்தியாசம் யாரோடு ஒப்பிட்டு? வாரம் முழுக்க எரிச்சல்களை எழுதியவர்களோடு! இதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். அதே ஆய்வில் தினமும் எழுதவைத்த இரண்டு வாரப் பரிசோதனையில் இந்த உடல் வித்தியாசம் தெரியவில்லை. நரம்புத்தசை நோயாளிகள் 21 நாள் எழுதியபோது மட்டும் தூக்கம் கூடியது.

2024-ல் அமெரிக்காவில் 49,275 வயதான பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், நன்றியுணர்வு மிக அதிகமுள்ள மூன்றில் ஒரு பங்கினரிடம் இறப்பு அபாயம் மிகக் குறைந்த பங்கினரைவிட 9% குறைவு. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, நன்றிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. நல்ல தூக்கம், நடை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது வழியாகப் பலன் வரலாம் என்பதே நியாயமான ஊகம்.

இரவுப்பறவை:
இருவருக்கும் நன்றி. நோட்டில் எழுதுவதைவிட நேரில் சொல்வது நல்லதா? பள்ளி ஆசிரியர் ஒருவருக்குச் சொல்ல ஆசை. இத்தனை வருஷம் கழித்துப் போய்ச் சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்குமோ?

நூல்வேலி:
தாராளமாகச் சொல்லுங்கள். குமார், எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் ஆராய்ந்தது இதைத்தான். நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், பெறுபவரின் சங்கடத்தை மிகையாகவும் சந்தோஷத்தைக் குறைவாகவும் கணிக்கிறார்கள். செலிக்மன் ஆய்வில் முதலில் மிக அதிகம் மகிழ்ச்சி தந்ததும் நேரில் போய்க் கடிதம் கொடுத்ததுதான், ஆனால் அது சுமார் ஒரு மாதம்தான் நின்றது.

ஒரு பக்கம் போதும். அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியம், அதனால் உங்கள் வாழ்க்கையில் மாறியது, இப்போது நீங்கள் இருக்கும் நிலை. கடைசியில் சிபாரிசோ உதவியோ கேட்டுவிடாதீர்கள், முழுக் கடிதமும் அதற்காகத்தான் என்று ஆகிவிடும். நேரில் போக முடியாவிட்டால் போனில் வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. அடிக்கிற, அவமானப்படுத்துகிற ஒருவரிடம் "நல்லதைத் தேடி" எழுதுகிற பயிற்சி இது இல்லை. மனச்சோர்வு நோய்க்கு இது சிகிச்சையும் இல்லை. 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021 அலசலில் மனச்சோர்வு, பதற்றம் இரண்டிலும் பலன் சிறியதாகவே இருந்தது. எழுத உட்கார்ந்தால் "இவ்வளவு இருந்தும் நான் இப்படி இருக்கிறேனே" என்ற குற்ற உணர்வே வருகிறதென்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.