மகனின் உள்ளங்கையில் ஒற்றைக் கோடு: தம்பிக்கு வந்தது அவனுக்கும் வருமா?

பட்டர்வொர்த் அம்மா:
என் தம்பிக்கு 19 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தான். இப்போது மாத்திரையோடு நன்றாக இருக்கிறான், பினாங்குப் பாலத்தைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: உள்ளங்கையில் ஒரே கோடு, வளைந்த சுண்டுவிரல், மேலெழும்பிய அண்ணம் (வாயின் மேற்கூரை) இவையெல்லாம் மனநோயின் அடையாளங்களாம். தம்பியின் வலக்கையில் அந்தக் கோடு உண்டு. அன்று இரவு, தூங்கிக்கொண்டிருந்த என் மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். சுட்டுவிரலடியிலிருந்து சுண்டுவிரலடி வரை ஒரே கோடு. அவனுக்கு 14 வயது. அதன் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. யாரிடம் காட்டுவது?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, ஆயர் ஈத்தாம்:
தங்கையே, மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தவள் எழுதுகிறேன். அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இத்தனை பயமுறுத்துகிறது.

கருவில் தோலும் மூளையும் ஒரே வெளியடுக்கிலிருந்து உருவாகின்றன. உள்ளங்கை மடிப்புகள் முதல் மூன்று, நான்கு மாதங்களுக்குள் விழுந்துவிடும். அந்தக் காலத்தில் வளர்ச்சியில் ஏதாவது தடுமாற்றம் நேர்ந்தால் இரண்டிலும் தடம் பதியலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களை ஒரு கூட்டமாக எடுத்துப் பார்த்தால் இத்தகைய சிறு வேறுபாடுகள் கூடுதலாகத் தெரிகின்றன. ஆனால் கூட்டத்தில் தெரிவதை ஒரு பையனின் கையில் படிக்க முடியாது. அந்தக் கோட்டோடு எந்த நோயும் இல்லாமல் வாழ்பவர்கள் எண்ணற்றவர்கள். அது குடும்பவழியாகவும் வரும். உங்கள் அம்மாவின் கையைப் பார்த்தீர்களா?

உடல் அடையாளம் உண்மையிலேயே கணக்கில் வரும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பின்னாளில் மனச்சிதைவு வருகிறது. அவர்களில் பலருக்குப் பிறவி இதயக் கோளாறு, அண்ணப்பிளவு, மூக்கால் ஒலிக்கும் பேச்சு என்று ஒன்றுக்கு மேல் சேர்ந்திருக்கும். உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் மனச்சிதைவு, தாய்மாமனுக்கு இருந்தால் நூற்றில் மூன்று நான்கு பேருக்கு வரலாம். வராதவர்கள்தாம் மிகப் பெரும்பான்மை. கஞ்சா பக்கம் மட்டும் அவன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஆபத்தைக் கூட்டும்.

செபராங் ஜெயா அண்ணன்:
சகோதரி, என் தம்பியின் கையில் அப்படிப்பட்ட ஒற்றைக் கோடு இல்லை. ஆனாலும் நோய் வந்தது. நாங்கள் கவனிக்கத் தவறியவை வேறு. தாமான் திடலில் தினமும் பூப்பந்து ஆடியவன் ராக்கெட்டைத் தொடவில்லை. குளிப்பதை நிறுத்தினான். எதிர்வீட்டார் பார்க்கிறார்கள் என்று சன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டினான். அதைக் கிழித்தெறிந்து அவனைத் திட்டினேன், இன்றும் அது என்னை அறுக்கிறது. மந்திரிக்கும் ஒருவரிடம் ஓராண்டு அலைந்தோம். பிறகுதான் அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கினோம். அந்த ஓராண்டு மட்டும் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. உங்கள் மகன் ஒழுங்காகத் தூங்குகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா என்று பாருங்கள்.

பட்டர்வொர்த் அம்மா:
அக்கா, அண்ணன், இருவருக்கும் நன்றி. மகன் நன்றாகத் தூங்குகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். இதயக் கோளாறெல்லாம் கிடையாது. இன்று காலை அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துத் திருப்பினேன். தேங்காய்ப்பூவைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வலக்கையில் அதே கோடு. அம்மாவுக்கு 71 வயது. “என்னடி பார்க்கிறாய், கறிக்கு நேரமாகிறது” என்று கையை இழுத்துக்கொண்டார்.