வெள்ளத்தில் போன குளிசையும் மெசினும்: மெடிகேர் தருமா?

உப்புவெளிப் பிள்ளை:
பெரியம்மாவுக்கு 71 வயது. புளோரிடாவில் ஹெலீன் சூறாவளியில் வீட்டுக்குள் கடல் வந்து, மருந்தும், மூச்சு எடுக்க மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் மெசினும் நனைந்துவிட்டன. இப்போது டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கிறா. நேற்று வீடியோ கோலில் பார்த்தேன்: ஊறிய குளிசைகளைக் கடதாசியில் பரப்பி, ஃபேன் காற்றில் காயவைக்கிறா. 2004 சுனாமிக்குப் பிறகு அம்மம்மாவும் பிரஷர் குளிசையை இப்படித்தான் முற்றத்து வெயிலில் வைத்தா. நெஞ்சு பதறுகிறது. அவவிடம் இருப்பது மெடிகேர் அட்வான்டேஜ், அதாவது அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதியான மெடிகேரைத் தனியார் கம்பனி வழியாகத் தரும் திட்டம். வேறு மாநிலத்தில் அது செல்லுமா?

மூதூர் அண்ணா:
தங்கச்சி, முதலில் அந்தக் குளிசைகளை எறியச் சொல்லுங்கோ. வெள்ளத் தண்ணீர் பட்டது காய்ந்தாலும் பாவிக்கக் கூடாது.

நிலாவெளி அக்கா:
என் மாமிக்கும் இதே நிலைதான் வந்தது. அனர்த்தம் பிரகடனமான பகுதியில் இருந்தவர் என்றால், திட்டத்தின் பட்டியலில் இல்லாத டொக்டரிடம் போனாலும் செலவில் அவவின் வழமையான பங்கைத்தான் கட்ட வேண்டும். இது குறிப்பிட்ட காலத்துக்குத்தான், அதனால் தாமதிக்க வேண்டாம். தொலைந்த மருந்தையும் வேறு பாமசியில் எடுக்கலாம். பழுதான மெசினுக்குப் பதில் மெசின் கேட்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் திட்டத்தின் இலக்கம் இருக்கும், மகனைக் கோல் எடுக்கச் சொல்லுங்கோ. அட்டையும் போய்விட்டதென்றால் மெடிகேரின் இலக்கம் 1-800-633-4227.

உப்புவெளிப் பிள்ளை:
அட்டை கைப்பையில் இருக்கிறதாம் அக்கா! அங்கே விடிந்ததும் எடுப்பார்கள். குளிசைகளை எறிய வைத்துவிட்டேன், அழுதுகொண்டேதான் எறிந்தா.