கலங்கல் தண்ணீரில் எந்த டைவ் லைட் உதவும்? கொஞ்சம் அவசரம்

நீலமீன்22
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை டைவ் இருக்கிறது, அதற்குள் பதில் வேண்டும். போன முறை 3000 லூமென்ஸ் லைட் கொண்டு போனேன். போட்டதும் முகத்துக்கு முன்னால் வெள்ளையாக ஒரு திரை விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அணைத்தால் மங்கல். கூட வந்தவர் காலில் மாட்டியிருந்த ஃபின்கூடத் தெரியவில்லை. 5000 லூமென்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆழம்18
எந்தக் கடல்? பகலா, இரவா? கேமரா கொண்டு போகிறீர்களா? முக்கியமாக, அந்த லைட்டின் பீம், அதாவது ஒளிக்கற்றை, எத்தனை டிகிரி விரியும்? பெட்டியில் போட்டிருப்பார்கள். லூமென்ஸ் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மணல்திட்டு
லூமென்ஸை விடுங்கள், நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம்தான் பிரச்சினை. கொடைக்கானல் மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கும்போது மஞ்சள் விளக்குப் போட்ட வண்டிக்காரர் நிம்மதியாகப் போவார். லைட் முகப்பில் மஞ்சள் ஃபில்டர் தாள் ஒட்டுங்கள், செலவே இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய முக்குளி
மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. லைட் வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும் தம்பி, வாங்கிய பிறகு அல்ல. கலங்கலில் இறங்குவதற்கு முன் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். தரையில் ஃபின் பட்டு நீங்களே வண்டலைக் கிளப்பினால் எந்த லைட்டும் உதவாது. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

கடல்குதிரை
அவர் ஃபின் தரையில் பட்டதாகச் சொல்லவே இல்லையே சார். கேட்டதற்குப் பதில் சொல்வோம்.

நீலமீன், ஆழம் அண்ணா கேட்டதைச் சொல்லுங்கள். வீடியோவுக்கான அகல பீம் லைட் வாங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

நீலமீன்22
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். சிங்கப்பூர், புலாவ் ஹந்து. பகல் டைவ், ஆனால் மேகமூட்டம். 8 மீட்டர் இருக்கும். பெட்டியில் 120 டிகிரி என்று இருக்கிறது. சின்ன கேமரா ஒன்று உண்டு, கட்டாயம் இல்லை. 200 வெள்ளிக்குள் வேண்டும்.

ஆழம்18
120 டிகிரி என்றதுமே புரிந்துவிட்டது. உங்கள் லைட் கெட்டதல்ல, இந்த வேலைக்கு உரியதல்ல, அவ்வளவுதான்.

ஹந்துவில் 2, 3 மீட்டர் தெரிந்தாலே நல்ல நாள். தண்ணீர் முழுக்க நுண்ணிய வண்டல் மிதக்கிறது. அகல பீம் உங்கள் முன்னால் இருக்கும் துகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் ஒளிர வைக்கிறது. லைட்டுக்கு அருகில் இருக்கும் துகள்கள்தான் மிகப் பிரகாசமாகத் தெரியும், அவை உங்கள் கண்ணுக்கும் அருகில் இருக்கின்றன. அந்த வெளிச்சம் திரும்பி மாஸ்க்குக்குள் வருகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைத் திரை அதுதான். 5000 வாங்கினால் திரை இன்னும் வெளுக்கும்.

உங்களுக்கு வேண்டியது 6 முதல் 10 டிகிரிக்குள் குறுகிய பீம். லூமென்ஸ் 1000 பக்கம் இருந்தால் தாராளம். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரே அளவு லூமென்ஸை 120 டிகிரியில் பரப்புவதற்குப் பதில் 10 டிகிரிக்குள் குவித்தால், பீமின் செறிவு நூறு மடங்குக்கு மேல் கூடும். அதனால் பெட்டியில் கேண்டெலா என்ற எண்ணைத் தேடுங்கள், பீமின் செறிவைச் சொல்வது அதுதான். தட்டைக் கண்ணாடி முகப்பு என்றால் தண்ணீருக்குள் பீம் இன்னும் குறுகும், 120 என்பது சுமார் 80 ஆகிவிடும். அதுவும் கலங்கலுக்கு மிக அகலம்தான்.

அப்புறம், லைட்டை மாஸ்க் பக்கத்தில் பிடிக்காதீர்கள். கையை நன்றாக நீட்டி, பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள். பீமும் உங்கள் பார்வையும் பொருளுக்கு அருகில்தான் சந்திக்க வேண்டும். இதற்குச் செலவில்லை, பலன் பெரிது.

திருமலைக்காரன்
நான் திருகோணமலைப் பக்கம். லைற்றை வாங்கியதும் பற்றரியையும், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் கவனியுங்கோ. ஓ-ரிங்கில் ஒரு தலைமயிர் கிடந்தாலே தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, உற்பத்தியாளர் சொன்ன கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கோ. வீட்டில் சோதித்துப் பார்க்கிறேன் என்று காற்றில் நெடுநேரம் முழு வெளிச்சத்தில் எரிய விடாதீர்கள். பெரிய லைற்றுகள் தண்ணீரில் சூடு தணியும் கணக்கில் செய்தவை.

இன்னொன்று. ‘எரியும் நேரம் 3 மணி’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. டார்ச்சுகளை அளப்பதற்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தர முறையில், வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் நேரத்தைக் கணக்கெடுக்கிறார்கள். கடைசி ஒரு மணி நேரம் மங்கலாகவும் இருக்கலாம். விமானத்தில் போவதென்றால் உதிரி லித்தியம் பற்றரிகளைக் கைப்பையில் வையுங்கோ, முனைகளை மூடி. செக்-இன் பையில் விடமாட்டார்கள்.

மணல்திட்டு
எல்லாம் சரி. நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மஞ்சள் தாள் ஒட்டினால் கூச்சம் குறைகிறது. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆழம்18
கூச்சம் குறைவது உண்மை. ஆனால் காரணம் மஞ்சள் அல்ல, தாள் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. லைட்டை ஒரு படி குறைத்து வைத்தாலும் அதே பலன்தான். நீல ஒளி அதிகம் சிதறும் என்ற விதி, ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருள்களுக்கு உரியது. காற்றின் மூலக்கூறுகள் அந்த ரகம், அதனால்தான் வானம் நீலம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். வண்டல் துகள் சில மைக்ரானிலிருந்து அறுபது மைக்ரான் வரை போகும். அந்த அளவுக்கு எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். மலைப்பாதைப் பனித்துளிக்கும் இதே கதைதான்.

பழைய முக்குளி
மஞ்சள் தாள் விவகாரம் எப்போதோ முடிந்தது. அடிப்படை இயற்பியல் தெரியாதவர்கள் ஆலோசனை சொல்லாமல் இருந்தாலே புதியவர்களுக்குப் பெரிய உதவி.

மணல்திட்டு
இயற்பியல் சொன்னவர் மரியாதையாகச் சொன்னார், கேட்டுக்கொண்டேன். நீங்கள் இந்த இழையில் இதுவரை ஒரு லைட்டைப் பற்றியும் சொல்லவில்லை.

கடல்குதிரை
நிறத்துக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கரையோரத் தண்ணீரில் கரைந்திருக்கும் மக்கிய தாவரப் பொருள் நீலத்தை உறிஞ்சிவிடும். ஹந்து தண்ணீர் பச்சையாகத் தெரிவதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் நாம் பேசுவது 2 மீட்டர் தூரம், அதில் இது பெரிய வித்தியாசம் தராது. மணல்திட்டு அண்ணா, உங்கள் அனுபவம் பொய் இல்லை, காரணம்தான் வேறு.

நீலமீன், கேமராவுக்காக ஒரு வார்த்தை. ஹந்துவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நுடிபிராங்க் என்ற ஓடில்லாக் கடல்நத்தை, கடல்குதிரை மாதிரி சின்ன உயிர்களைத் தேடித்தான் போகிறார்கள். அவற்றை ஒரு சாண் தூரத்தில் நெருங்கி எடுக்கலாம், அந்தத் தூரத்தில் இடையில் துகள் குறைவு. அதற்கு உங்கள் அகல லைட் நன்றாகவே உதவும். வெளிச்சத்தைக் குறைத்து, லென்ஸுக்கு நேராக வைக்காமல் பக்கத்திலிருந்து விழச் செய்யுங்கள். அதை விற்காதீர்கள்.

கிள்ளான்கரை
நடுவில் வருகிறேன். எல்லாரும் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கலங்கலில் லைட்டின் முதல் வேலை நம்மை அடுத்தவருக்குக் காட்டுவது. பகலிலும் எரிய விட்டே போங்கள். கூட வருபவரிடமும் குறுகிய பீம் இருக்க வேண்டும். அப்போது ஆளே தெரியாவிட்டாலும் அவருடைய பீம் அடியில் நகர்வது கண்ணில் படும். தரையில் மெதுவாக வட்டம் போட்டால் நலம், மெதுவாக இடவலம் ஆட்டினால் கவனி, வேகமாக ஆட்டினால் அவசரம். படகிலேயே இதைப் பேசி முடித்துவிடுங்கள். அகல பீமில் இந்த சைகை எதுவும் எடுபடாது. எதிரே இருப்பவர் முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள்.

பிரிந்துவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் தேடக்கூடாது. மெதுவாக மேலே வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். லைட்டை மணிக்கட்டுக் கயிற்றில் மாட்டுங்கள். சின்ன பேக்கப் ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும்.

ஆழம்18
கிள்ளான்கரை சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதில்.

வாங்க நேரம் இல்லையென்றால் டைவ் கடையில் வாடகைக்குக் கேளுங்கள். வாங்குவதென்றால் பிக்ப்ளூ ஏஎல்1200என்பி மாதிரி, 1200 லூமென்ஸ், 10 டிகிரி ரகத்தைத் தேடுங்கள். பட்ஜெட்டுக்குள் வருமா என்று கடையில் விசாரியுங்கள். ஐபி68 என்ற நீர்புகாத் தரக் குறியீட்டை மட்டும் எழுதிய சாதாரண டார்ச்சை வாங்காதீர்கள், எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிறு எந்தத் திதி என்றும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரேற்ற இறக்கம் பெரிது, ஓட்டம் வேகம், வண்டல் கிளம்பும். அஷ்டமி வாக்கில் கடல் கொஞ்சம் தெளியும்.

நீலமீன்22
நன்றி எல்லாருக்கும். வாடகைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.

தம்பதீவு
ஒரு சந்தேகம். என் லைட்டில் பீமைக் குறுக்கவும் விரிக்கவும் முடியும். அது பரவாயில்லையா?

ஆழம்18
குறுக்கி வைத்தால் வெளிவட்டத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று இருட்டறைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுப்புள்ளியைச் சுற்றி அகலமான மங்கல் வளையம் இருந்தால் கலங்கலில் அது தொல்லை தரும். இல்லையென்றால் தாராளமாகக் கொண்டு போங்கள்.

நீலமீன்22
போய் வந்தாயிற்று. கடையில் குறுகிய பீம் லைட் இரண்டு கிடைத்தன, ஆளுக்கு ஒன்று. கையை நீட்டிப் பிடித்ததும் திரை பெருமளவு போய்விட்டது. தூரம் ஒன்றும் கூடவில்லை, ஆனால் கூட வந்தவரின் பீம் கடைசி வரை தெரிந்தது. 5000 வாங்கவில்லை. கிள்ளான்கரை அண்ணாவுக்குத் தனி நன்றி.

மணல்திட்டு
மகிழ்ச்சி. பழைய 3000ஐ ஒரு படி குறைத்துப் பார்த்தீர்களா? அதிலும் திரை குறைந்ததா என்று தெரிய வேண்டும்.

தம்பதீவு
எந்தக் கடை, வாடகை எவ்வளவு என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.