புதிய கடல்நீர்த் தொட்டியில் செந்நிற வழவழப்புப் படலம்: மருந்து இடலாமா?

கேள்வி (கோமாளிமீன்)

வணக்கம். சென்னையில் வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன்; மூன்றாவது மாதம் நடக்கிறது. உலர்ந்த பாறைகளையும் ஆரகோனைட் மணலையும் கொண்டு தொடங்கிய இத்தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் சில நத்தைகளும் உள்ளன. தொடக்கத்தில் மணல் மீது பழுப்புத் தூசு போல ஒன்று படிந்து தானாகவே மறைந்துவிட்டது. இப்போது அதே மணலில் கருஞ்சிவப்பான வழவழப்புப் படலம் பரவி வருகிறது. காலையில் மணல் ஓரளவு வெளுத்துத் தெரிகிறது. விளக்கு எரிந்து சில மணி நேரம் ஆனதும் படலம் தடித்து, அதில் சிறு குமிழ்கள் சிக்கி நிற்கின்றன. பரிசோதித்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூச்சியம் காட்டுகின்றன. நீர் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது இது எதைத் தின்று வளர்கிறது? கடையில் எரித்ரோமைசின் கலந்த மருந்தை இடச் சொல்கிறார்கள், இடலாமா?

மறுமொழி (பவளத்திட்டு)

முதலில் வந்த பழுப்புத் தூசு டயாட்டம் என்ற நுண்பாசி. புதிய தொட்டியின் சிலிக்கேட் தீர்ந்ததும் அது போய்விடும். இப்போது இருப்பது சயனோபாக்டீரியாவா (நீலப்பச்சைப் பாசி எனப்படும் பாக்டீரியா), டைனோஃபிளாஜெல்லேட்டா (ஒற்றைச்செல் நுண்ணுயிர்) என்று தெரியாமல் எந்த மருந்தையும் இட வேண்டாம். இரண்டிலும் குமிழ் வரும், இரண்டும் இரவில் குறையும். ஆனால் சயனோ துணியைப் போலத் தகடாக உரிந்து வரும், டைனோ சளியைப் போல நூல்நூலாக இழுபடும். டைனோவின் சில வகைகள் நச்சைச் சுரப்பதால், நத்தைகள் சோர்ந்து கவிழ்ந்து கிடந்தால் அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். படலத்தைக் கொஞ்சம் தொட்டி நீரோடு ஒரு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த நீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வைத்துப் பாருங்கள். மீண்டும் நூலாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோ. தெளிவாகவே நின்றால் சயனோ.

பூச்சியத்தைச் சுத்தம் என்று எண்ண வேண்டாம். படலம் உறிஞ்சிக்கொண்டது போக நீரில் மிஞ்சியிருப்பதைத்தான் சோதனை காட்டுகிறது. உலர்ந்த பாறையிலிருந்து கசியும் பாஸ்பேட்டும், மணலுக்குள் அழுகும் கழிவும் படலத்தின் அடியிலேயே அதற்குக் கிடைத்துவிடுகின்றன. மேலும், சயனோவின் பல வகைகள் நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே உணவாக மாற்றிக்கொள்ளக் கூடியவை. நம் உழவர்கள் நெல் வயலில் தழைச்சத்துக்காக இடும் நீலப்பச்சைப் பாசியும் இந்த இனம்தான். எனவே நைட்ரேட்டைப் பூச்சியமாக்கினால் போட்டிக்கு வரக்கூடிய பச்சைப் பாசிதான் பட்டினி கிடக்குமே தவிர, இது கிடக்காது.

மறுமொழி (உப்புக்காற்று)

எந்த நீரில் உப்பைக் கரைக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே. குடிநீருக்கான வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில், சுவைக்காகக் கொஞ்சம் குழாய் நீரையும் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். அந்த நீர் குடிக்க நல்லது; கடல்நீர்த் தொட்டிக்கு ஆகாது. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பூச்சியம் வர வேண்டுமானால் கடைசியில், மிஞ்சிய உப்புகளை நீக்கும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்றையும் சேர்க்க வேண்டும். மீட்டர் பூச்சியம் காட்ட வேண்டிய இடம் இதுதான்!

கோமாளிமீன்

இருவருக்கும் நன்றி. வடிந்த நீர் தெளிவாகவே நின்றது. படலமும் தகடாகத்தான் உரிகிறது. நத்தைகள் நலமாக உள்ளன. வீட்டு ஆர்.ஓ. நீரையே பயன்படுத்துகிறேன், மீட்டர் 70 காட்டுகிறது. பாறைக்குப் பின்புற மூலையில்தான் படலம் மிகத் தடிப்பாக இருக்கிறது.

மறுமொழி (பவளத்திட்டு)

அப்படியானால் சயனோதான். அந்த மூலையில் நீரோட்டம் இல்லை என்பதும் தெரிகிறது. உங்கள் அளவுத் தொட்டிக்கு மணிக்கு 4,000 லிட்டருக்குக் குறையாத ஓட்டம் வேண்டும்; நீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைப் பாறையின் பின்பக்கம் படும்படித் திருப்புங்கள். மெல்லிய குழாயால் படலத்தை உறிஞ்சி வெளியேற்றுவதையே நீர் மாற்றும் வேலையாக வைத்துக்கொண்டு, டி.ஐ. நீரில் கரைத்த உப்புநீரை வாரம் 10 விழுக்காடு மாற்றி வாருங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் துகள்கள் ஏதேனும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவில் நிற்கும்படித் தீனியைச் சற்றுக் கூட்டலாம். இரண்டையும் பூச்சியத்திலேயே வைத்திருந்தால், சயனோ போன இடத்துக்கு டைனோ வரும் அபாயம் உண்டு. மூன்று நாள் விளக்கை அணைத்தால் படலம் மறையும். காரணம் சரியாகாவிட்டால் திரும்பி வரும்.

மறுமொழி (உப்புக்காற்று)

மருந்தைப் பற்றி ஒரு சொல். எரித்ரோமைசின் மனிதருக்குத் தரும் நுண்ணுயிர்க்கொல்லி; அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது பாதிக்கக்கூடும், மூன்று மாதத் தொட்டியில் அவை இன்னும் நன்கு வேரூன்றியிருக்காது. இரண்டு மாதம் மேற்சொன்னபடி செய்தும் அடங்கவில்லை என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் முடிந்தவரை படலத்தை உறிஞ்சி எடுத்த பிறகே இட வேண்டும். மிச்சமிருப்பது ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது ஆக்சிஜன் சரியும் என்பதால், காற்றுக்கல்லை இரவும் பகலும் ஓடவிட்டு, தினமும் அமோனியா பாருங்கள். நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கன்னாபின்னாவென்று நுரைக்கும். கிண்ணம் நிரம்பித் தரையில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.